பன்னிருவரும் முப்பத்தறுவரும்

விளையாட்டு என்றால் இரு பக்கத்திலும் ஆட்கள் சம எண்ணிக்கையில் இருத்தல் வேண்டும் என்பது சிறுபிராயந் தொட்டே நம் மனத்திற் பதிந்துவிட்ட எண்ணம். துடுப்பாட்டத்திற்குப் பதினொருவர், வலைப்பந்தாட்டத்திற்கு எழுவர், கூடைப்பந்தாட்டத்திற்கு ஐவர். ஒரு பக்கத்தார் மேலதிகமாக ஒருவரைக் களத்தில் இறக்கிவிட்டால் மத்தியஸ்தர் மாத்திரமா, வேலிக்கு அப்பால் நிற்கும் சிறுவர்களுங் கூச்சலிடுவர். ஆனால் பன்னிரண்டு பேர் கொண்ட ஒரு குழுவும், அதனை மும்மடங்கு விஞ்சும் இன்னொரு குழுவும் ஒரே மேடையில் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி, ஒரே பரிசுக்காகப் போட்டியிடுவது நீதியா என்ற வினா அமெரிக்கப் பெற்றாரிடையே ஓயாது எழுந்துகொண்டிருக்கிறது. சியர்லீடிங் என வழங்கும் போட்டியே அவ்வினாவுக்கு இடமளிப்பது.

இப்பெயரைக் கேட்டதும் எம் வாசகர்களிற் சிலர் புன்முறுவல் பூத்தல் கூடும். பந்தாட்ட மைதானத்தின் ஓரத்திலே வர்ணக் குஞ்சங்களை அசைத்துத் துள்ளும் யுவதிகளைத் திரைப்படங்களிற் பார்த்திருப்பார்கள். அதில் நீதி அநீதிக்கு இடமேது என்று நினைப்பார்கள். அந்நினைப்பைச் சற்றே ஒதுக்கிவைக்குமாறு வேண்டுகிறோம். 1898ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 2ஆந் திகதி மினசோட்டா சர்வகலாசாலையின் உதைபந்தாட்டப் போட்டி ஒன்றில் ஜொனி கம்பெல் என்னும் மாணவர் கூட்டத்தின் முன்னே வந்து நின்று, எல்லோரும் ஒரே குரலில் முழங்குமாறு தலைமை தாங்கினார். சியர்லீடிங்கின் பிறப்பு இதுவே என்பர். ஆண்களுக்கே உரியதாயிருந்த இத்தொழிலிற் பெண்கள் புகுந்தது 1923ஆம் ஆண்டளவில். 1948இல் டெக்ஸாஸ் மாநிலத்தில் லோரன்ஸ் ஹெர்க்கிமர் என்பார் இதற்கெனப் பயிற்சி முகாம் நடத்தத் தொடங்கினார். காலப்போக்கிற் குஞ்சம் பின்தங்கிற்று. குட்டிக்கரணமும் ஆள்மேல் ஆளேறும் கோபுரமும் முன்வந்தன. எந்தப் பாடசாலையையுஞ் சாராத தனிக் கழகங்கள் தோன்றின. எவரையும் உற்சாகப்படுத்துவதற்கன்றித் தாமே வெல்வதற்காக அவை மேடையேறின. 2021இல் சர்வதேச ஒலிம்பிக் குழு இவ்விளையாட்டின் உலகச் சங்கத்துக்குப் பூரண அங்கீகாரமும் அளித்துவிட்டது.

போட்டி நடக்கும் விதத்தை அறிந்தாலன்றி வழக்கு விளங்காது. 54 அடி நீளமும் 42 அடி அகலமும் கொண்ட மெத்தை விரிப்பு. இரண்டரை நிமிஷ நேரம். இசை முழங்கக் குழுவினர் தம் வித்தைகள் அனைத்தையும் அதற்குள் ஆடி முடித்தல் வேண்டும். வித்தைகளிற் தலையாயது தூக்கல். சிறுமி ஒருத்தியை இருவர் கீழிருந்து தாங்குவர். மூன்றாமவர் பின்னின்று கணுக்காலைப் பற்றிக் காவல் செய்வார். மேலே நிற்பவள் ஒற்றைக் காலில் நின்று மற்றக் காலைத் தலைக்கு மேல் உயர்த்துவாள். ஆக, ஒரு தூக்கலுக்கு நால்வர். ஒரு குழுவில் ஐவர் முதல் 38 பேர் வரை இருக்கலாம் என்பது பெரும்பாலான பிரிவுகளில் வழங்கிவந்த விதி. போதிய குழுக்கள் வந்து சேர்ந்தாற் சிறியன, பெரியன என்று பிரித்து நடத்துவார்கள். வராதவிடத்துப் பிரிவுகளை ஒன்றாக்கிவிடுவார்கள்.

இப்பொழுது நான்கால் வகுக்கத் தெரிந்த எந்த மாணவரும் எம்மோடு சேர்ந்து கணக்குப் போடலாம். பன்னிருவர் குழுவில் மூன்று தூக்கல்கள். முப்பத்தறுவர் குழுவில் ஒன்பது. போட்டியன்று காலையிற் பன்னிருவரில் ஒருத்திக்குக் காய்ச்சல் என்று வைத்துக்கொள்வோம். எஞ்சியோர் பதினொருவர். இரண்டு தூக்கல்கள் எழும். மூவர் செய்வதறியாது நிற்பர். மூன்றில் ஒரு பங்கு காட்சி போயிற்று. முப்பத்தறுவரில் ஒருத்தி வராவிட்டாலோ எட்டுத் தூக்கல்கள் எழுந்துவிடும். ஒன்பதில் ஒரு பங்கே நட்டம். அதனையும் ஈடுசெய்யப் பெரிய கழகத்தில் அதே வித்தை பயின்ற வேறொரு சிறுமி பக்கத்து வகுப்பிலேயே இருப்பாள். சிறிய கழகத்தின் பயிற்றுநர் அன்றிரவே ஆட்டம் முழுவதையும் குலைத்துப் புதிதாகக் கோக்க வேண்டும். நேற்றுவரை கீழே தாங்கியவள் இன்று பின்னே காவல் நிற்பாள். மேலே நிற்பவளின் உயிர் அந்தப் புதுக் கைகளில் இருக்கிறது என்பதை நாம் மறத்தலாகாது.

குட்டிக்கரணத்திலும் இவ்வாறே. குழுவிற் பெரும்பான்மையோர் அவ்வித்தையைச் செய்தனரா என்பதைப் புள்ளியிடுவோர் கவனிப்பர். பன்னிருவரில் ஒருத்தி என்றால் நூற்றுக்கு எட்டுக்கு மேல். முப்பத்தறுவரில் ஒருத்தி என்றால் நூற்றுக்கு மூன்றுக்குங் குறைவு. அன்றியும், கரணம் போடத் தெரியாத ஒருத்தியை முப்பத்தறுவர் நடுவே மறைத்துவிடலாம். பன்னிருவர் நடுவே அவளை எங்கே மறைப்பது?

எனினும், பெரிய குழுவே எப்பொழுதும் நயம் பெறுகிறது என்று தீர்ப்பெழுத அவசரப்படுதல் தகாது. தூக்கல் சரிந்து சிறுமி கீழே வந்துவிட்டால் இத்தனை புள்ளி கழிவு என்று விதி உண்டு. குழு பெரிதாயினுஞ் சிறிதாயினும் கழிவு ஒன்றே. ஒவ்வொரு தூக்கலும் இருபதுக்கு ஒரு முறை தவறும் எனக் கற்பனையாகக் கொள்வோம். மூன்று தூக்கல் உள்ள குழுவில் ஒன்றேனுந் தவறுவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 14. ஒன்பது தூக்கல் உள்ள குழுவில் அது நூற்றுக்கு 37. ஆகையாற் பெரிய குழுவின் பெற்றாருக்கும் ஒரு முறைப்பாடு உண்டு. அது பொய்யன்று. முப்பத்தாறு கைகள் ஒரே கணத்தில் உயர்வது பன்னிரண்டு கைகள் உயர்வதிலும் எத்துணைக் கடினம் என்பதைப் பாடசாலைத் தேகாப்பியாசக் காட்சியைப் பழக்கிய எந்த ஆசிரியரும் அறிவார்.

இவ்வாறு குழுவின் பருமன் இருபுறமும் வெட்டுகிறது. அதனை மாத்திரம் எடுத்துக்கொண்டால், சிறியன பெரியன என்று பிரித்தவுடன் வழக்கு ஏறக்குறையத் தீர்ந்தது என்றே நாம் சொல்வோம். உண்மையான நோவு வேறிடத்தில் இருக்கிறது. அது கழகத்தின் பருமன்.

இருபதின்மர் கொண்ட இரண்டு குழுக்கள் எதிரெதிரே நிற்கின்றன. மேடையில் எண்ணிப் பார்ப்பவருக்கு இருபதுக்கு இருபது. குறை சொல்ல இடமில்லை. ஆனால் ஒரு கழகத்தில் நானூறு பிள்ளைகள். அவர்களுள் இருபதுக்கு ஒருவராகத் தெரிந்தெடுத்த இருபதின்மர் அங்கே நிற்கிறார்கள். மற்றக் கழகத்தில் இருப்பவர்களே நாற்பது பேர். இரண்டுக்கு ஒருவராகத் தெரிந்தெடுத்தவர்கள் இங்கே நிற்கிறார்கள். தெரிவென்றுஞ் சொல்வதற்கில்லை, வயது பொருந்தியவர்கள் அனைவருமே வந்திருப்பார்கள்.

இவ்விளையாட்டில் ஒன்று முதல் ஏழு வரை தரங்கள் உண்டு. ஒவ்வொரு தரத்திலும் எந்த வித்தை அனுமதிக்கப்படும், எது விலக்கப்படும் என்று விதி வகுத்திருக்கிறார்கள். நானூறு பிள்ளைகள் உள்ள கழகம் வயதுக்கும் தரத்துக்கும் ஏற்பப் பல குழுக்களைப் பிரித்தமைக்கும். ஒரு குழுவில் உள்ளோர் யாவரும் ஏறத்தாழ ஒரே திறமையுடையோராய் இருப்பர். நாற்பது பிள்ளைகள் உள்ள கழகம் என் செய்யும்? நான்காந் தரத்துக்கு ஏற்றவள் ஒருத்தி, இரண்டாந் தரத்தையே இன்னும் எட்டாதவள் ஒருத்தி; இருவரையும் ஒரே குழுவிற் சேர்த்து மூன்றாந் தரத்தில் நிறுத்தும். மூத்தவள் தன் வித்தையை வெளிக்காட்ட வழியின்றி வாடுவாள்; இளையவள் தன் சக்திக்கு மேற்பட்டதை முயன்று விழுவாள். சில பிள்ளைகள் ஒரே நாளில் இரண்டு குழுக்களில் ஆடவேண்டியும் நேரும். இவற்றுள் எதுவும் புள்ளித்தாளில் எழுதப்படுவதில்லை.

இன்னுமொரு கள்ளத்தனமும் உண்டு. ஆட்பலம் நிறைந்த கழகம், ஐந்தாந் தரத்தில் நிற்கத்தக்க பிள்ளைகளை வேண்டுமென்றே மூன்றாந் தரத்தில் இறக்கி வெற்றிக்கிண்ணத்தைத் தட்டிச் செல்லலாம். எட்டாம் வகுப்பு மாணவனை ஐந்தாம் வகுப்புப் பரீட்சைக்கு அனுப்பி முதற் பரிசு வாங்குவதை ஒத்த செயல் இது. விதியில் இதைப் பிடிப்பது கடினம். பிள்ளை எவ்வளவு அறிவாள் என்பதை எவர் அளந்து சொல்வது? "அச்சத்தினாற் கீழ்த்தரத்தில் விட்டோம்" என்று பயிற்றுநர் சொன்னால் மறுக்க எவரால் முடியும்? மெய்யாகவே அஞ்சும் பிள்ளைகளும் இருக்கிறார்கள் அல்லவா?

2003இல் அமைக்கப்பட்ட அமெரிக்க ஆல் ஸ்டார் சம்மேளனம் இக்குறையை உணராமல் இருக்கவில்லை. 125 பேருக்கு மேற்படாத கழகங்களை இரண்டாம் பகுப்பு என வகுத்து, அவை தம்முட் போட்டியிட வழிசெய்தது. நல்ல ஏற்பாடுதான். ஆயினும் கோடு ஒன்று கீறியவுடனே அக்கோட்டின் இருமருங்கும் நிற்போரின் கதை தொடங்கிவிடுகிறது. 124 பேர் உள்ள கழகத்தின் வாசலில் இரண்டு புதுப் பிள்ளைகள் வந்து நின்றால், உரிமையாளர் அவர்களைச் சேர்ப்பாரா, அடுத்த வருடம் வரும்படி சொல்வாரா? மறுபுறம், 120 பேர் உள்ள கழகமும் 35 பேர் உள்ள கழகமும் ஒரே பகுப்பிற் சிறியனவாகக் கருதப்படுகின்றன. முப்பத்தைந்துக்கு நூற்றிருபது என்பது, நூற்றிருபதுக்கு நானூறு என்பதைவிடக் கிட்டிய தூரமா? வகுத்துப் பார்ப்போர் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே எனக் காண்பர்.

இந்த இடத்தில் இந்தியானா மாநிலத்தின் கூடைப்பந்தாட்டக் கதையைச் சொல்லாது விடுதல் முறையன்று. அம்மாநிலத்தில் எல்லா உயர்தரப் பாடசாலைகளும், சிற்றூர் பேரூர் என்ற பேதமின்றி, ஒரே கிண்ணத்துக்கு ஆடின. 1954ஆம் ஆண்டு இறுதிப் போட்டிக்கு மைலன் என்னுஞ் சிற்றூர்ப் பாடசாலை வந்துசேர்ந்தது. அதன் மாணவர் தொகை 161. எதிரே நின்ற மன்சி சென்ட்ரல் பாடசாலையோ அதனைப் பத்து மடங்கு ஒத்தது. கடைசிக் கணத்தில் பொபி பிளம்ப் என்ற இளைஞன் எறிந்த பந்து வளையத்துள் விழ, 32க்கு 30 என்று மைலன் வென்றது. பின்னாளில் ஹொலிவூட் படம் ஒன்றுக்கும் அவ்வெற்றி வித்தாயிற்று. அந்த ஒரு வெற்றியைக் காட்டியே பல்லாண்டு காலம், "சிறியவன் வெல்ல முடியாதென்று எவன் சொன்னான்?" என வாதித்தார்கள். ஆயினும் 1997–98 பருவம் முதல் இந்தியானா தன் பாடசாலைகளை மாணவர் தொகைப்படி நான்கு வகுப்புகளாகப் பிரித்துவிட்டது. பழைய முறை போய்விட்டதே என்று ஏங்குவோர் அங்கே இன்னும் உளர். அவ்வேக்கத்தை நாம் பரிகசிக்கமாட்டோம். ஆனால் ஒரு மைலனின் பெயரை உலகம் நினைவில் வைத்திருப்பதற்குக் காரணமே, அத்தகைய வெற்றி அத்துணை அரிதாயிருந்தமைதான். முதற் சுற்றுகளில் தோற்று வீடு திரும்பிய மற்றச் சிற்றூர்ப் பாடசாலைகளின் பெயரை யார் சொல்வார்?

நீதிமன்றமும் இவ்விளையாட்டின் சமனின்மையைக் கண்டு புருவம் நெரித்ததுண்டு. குவினிப்பியாக் சர்வகலாசாலை தன் பெண்கள் கரப்பந்தாட்டக் குழுவைக் கலைத்துவிட்டு, அதற்கு ஈடாகச் சியர்லீடிங் குழுவைக் காட்ட முயன்றது. 2010இல் நீதிபதி ஸ்டீபன் அண்டர்ஹில் அதனை ஏற்க மறுத்தார். 2012இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதி செய்தது. அக்குழு ஒரே பருவத்தில் ஐந்து வெவ்வேறு புள்ளி முறைகளின் கீழ் ஆடியதும், சர்வகலாசாலை அல்லாத குழுக்களோடும் மோத நேர்ந்ததும் எடுத்துக்காட்டப்பட்ட காரணங்களுட் சில. சியர்லீடிங் என்றுமே விளையாட்டாகாது என்று நீதிமன்றஞ் சொல்லவில்லை. அன்றிருந்த நிலையில் ஆகவில்லை என்றே சொல்லிற்று.

அக்காலத்தை ஒட்டி ஸ்டன்ட் என்னும் புதிய வடிவம் ஒன்று உருவாகிற்று. அதில் இரு குழுக்களும் ஒரே வேளையில் அருகருகே நின்று, முன்கூட்டியே வகுத்த ஒரே பயிற்சியைச் செய்யும். செவ்வையாகச் செய்த குழுவுக்குப் புள்ளி. நான்கு கால்பகுதிகள், முதலில் தூக்கல், அடுத்துக் கோபுரமும் வீச்சும், பின்னர் துள்ளலுங் கரணமும், ஈற்றில் யாவுஞ் சேர்ந்த ஆட்டம். இருவரும் ஒரே பயிற்சியைச் செய்வதால், கூட்டிச் சேர்த்த ஆட்பலத்தைக் காட்டி மத்தியஸ்தரை மயக்க இயலாது. நானூறிலிருந்து தெரிந்தெடுத்த நன்மை அங்கேயும் இருக்கத்தான் செய்யும். ஆனால் முப்பத்தறுவர் நிரம்பிய மேடையையும் பன்னிருவர் நிற்கும் மேடையையும் ஒரே தராசில் நிறுக்கும் சங்கடம் அங்கே இல்லை. அதன் விலை என்னவெனில், பயிற்றுநரின் கற்பனைக்கும் அலங்காரத்துக்கும் இடஞ் சுருங்குகிறது. பழைய வடிவத்தை விரும்பும் சிறுமிகள் அதனை விடமாட்டோம் என்பதில் வியப்பில்லை. அவர்கள் மேடையேறுவதே அந்த அழகுக்காக அன்றோ!

பெற்றாரின் சங்கடந்தான் எம் மனத்தை அதிகம் உறுத்துவது. மகள் கெட்டிக்காரி, ஊரிலுள்ள சிறிய கழகமோ வருடா வருடம் தோற்கிறது. மாதக் கட்டணம், உடுப்பு, தூரப் பயணம் என்று பணம் ஆறாய் ஓடுகிறது. இரண்டு மணி நேரம் கார் ஓட்டினாற் பெரிய கழகம். அங்கே போனால் வெற்றி. போகிறார்கள். அவர்களைக் குறைகூற எமக்கு நாவெழவில்லை. ஆனால் அவ்வொருத்தி போனதும் ஊர்க் கழகத்தில் எஞ்சுவது பதினொருவர். இரண்டு தூக்கல்கள் எழும்; மூவர் நிற்பார்கள். அந்த மூவரின் பெற்றாரும் அடுத்த வருடம் எந்தக் கழகத்திற் சேர்ப்பது என்று இரவுச் சாப்பாட்டு மேசையிற் பேசத் தொடங்குவார்கள்.