ஆள் கிடைக்கலையா, அண்ணாச்சி?

ஆடிப் பதினெட்டு அன்று சிவகாசியில் அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பத்துக்குப் பூஜை போடுவார்கள். வரப்போகும் ஆண்டில் தீபாவளி என்ன தேதி, என்ன கிழமை என்பதை ஊருக்கெல்லாம் முந்தி அச்சடித்துக் கொடுக்கிற வட்டாரம் இது. இதே வட்டாரத்தில், வெம்பக்கோட்டைத் தாலுகா தாயில்பட்டியில், சாலையோரப் பட்டாசுக் கடை எதிலாவது புரட்டாசிக் கடைசியில் போய்ப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். "கூட்டம் இப்படி அம்மும்னு யாரு கண்டா? ஆளே கிடைக்க மாட்டேங்குது" என்பார் கடைக்காரர். பக்கத்தில் டீ குடிப்பவர் சேர்ந்துகொள்வார்: "நூறு நாள் வேலை வந்ததிலிருந்து யாருக்கு உடம்பு வளையுது?"

கடைக்காரரை விடுங்கள், அவருக்கு லாபம் இருக்கிறது. இந்தப் பேச்சை வாங்க வந்தவரும் நம்புகிறார், பஞ்சாயத்துத் தலைவரும் நம்புகிறார், ஏன், கல்லாப் பக்கத்தில் கால் கடுக்க நிற்கிற பெண்ணும் பாதி நம்பிவிட்டாள். அதுதான் எரிச்சல்.

அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று ஒரு சாயங்காலம் பாருங்கள். கோயம்புத்தூர்க் காரில் வந்த குடும்பத்துக்கு விலைப்பட்டியலைக் கொடுத்து, எண்பது சதவீதத் தள்ளுபடி எதற்கு உண்டு, எதற்கு இல்லை என்று விளக்கவேண்டும். உள்ளே போய்ப் புஸ்வாணமும் சங்குச் சக்கரமும் எடுத்துவர வேண்டும். பில் போடுகிறவர் சாப்பிடப் போனால் பில்லும் அவள்தான். இடையில் கிப்ட் பாக்ஸுக்கு டேப் ஒட்டி, லாரி சர்வீஸ் பார்சலுக்குப் பேர் எழுத வேண்டும். நாலு பேர் வேலை, ஒரு சம்பளம். காலையில் வரும்போது எப்போது வீட்டுக்குப் போவோம் என்பது தெரியாது. "அண்ணாச்சி, கடைசி பஸ் போயிரும்" என்றால், "ரெண்டே ரெண்டு பார்சல்தாம்மா, முடிச்சுட்டுப் போயிரு" என்று பதில் வரும். நாளைக்கு லீவா, வேலையா என்பது ராத்திரி பத்து மணிக்குப் போனில் வரும். பல கடைகளில் கக்கூஸ் கிடையாது. ஆகவே பெண்கள் மத்தியானத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதில்லை.

இந்த வேலைக்கு ஆள் வரவில்லை என்றால் அது சோம்பேறித்தனமா?

சுற்றுவட்டாரத்துப் பெண்கள் எங்கே போகிறார்கள் என்று பார்த்தால் விஷயம் விளங்கும். வெற்றிலையூரணி, விஜயகரிசல்குளம் பக்கமெல்லாம் காலையில் ஆலை வேன் வந்து நிற்கிறது. ஏறிக்கொள்கிறார்கள். பட்டாசு ஆலையில் உயிருக்கு உத்தரவாதமில்லை என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டி ஆலை வெடிவிபத்தையும் 2021 பிப்ரவரியில் அச்சங்குளம் வெடிவிபத்தையும் பார்த்தவர்கள். ஆனாலும் மருந்து அறையில் விளக்குப் போட்டு வேலை பார்க்க முடியாது. பொழுது சாயும் முன் வேன் திரும்பிவிடும், வீட்டில் உலை வைக்கலாம். வெடிமருந்தை விட உங்கள் கடை நேரத்துக்கு அவர்கள் அதிகம் அஞ்சுகிறார்கள். கடைக்காரர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

'இந்தக் காலத்துப் பிள்ளைகள்' என்று தொடங்குபவர்களுக்கு அத்திப்பள்ளியை ஞாபகப்படுத்துகிறேன். 2023 அக்டோபர் 7, ஓசூரைத் தாண்டிக் கர்நாடக எல்லையில், பட்டாசுக் கடையும் கிடங்குமாக இருந்த கட்டடத்தில் தீப்பிடித்தது. இறந்தவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களே அதிகம். தீபாவளி சீசனுக்கு நாலு காசு பார்க்கலாம் என்று தர்மபுரிப் பக்கமிருந்து போன மாணவர்களும் அதில் உண்டு. சென்னை ரங்கநாதன் தெருக் கடைகளை நிரப்பியதும் நம் தென்மாவட்டத்துப் பிள்ளைகள்தான். விருதுநகர்க்காரர் வசந்தபாலன் 2010-ல் 'அங்காடித் தெரு' படம் எடுத்ததும் அவர்களைப் பற்றித்தான். உழைக்க மாட்டாத ஜனம் ஊர்விட்டு ஊர் போய் இப்படி நிற்குமா?

அத்திப்பள்ளிக்குப் பத்தாவது நாள், அக்டோபர் 17, நம் மாவட்டத்திலேயே ரெங்கபாளையம். கடையை ஒட்டிக் கிப்ட் பாக்ஸ் போட்டுக்கொண்டிருந்த இடத்தில் தீ. 13 பேர் போனார்கள், பெரும்பாலோர் பெண்கள். ஆள் குறைவால்தான் அது நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பட்டாசு விற்கிற இடத்தில், "சார், இங்கே வெடிச்சுப் பார்க்கக் கூடாது" என்று சொல்ல ஒருத்தர் சும்மா நின்றாக வேண்டும். மளிகைக் கடையில் ஆள் குறைந்தால் வரிசை நீளும், அவ்வளவுதான். இங்கே அப்படியில்லை.

"சீசன்னா அப்படித்தான், ஒரு மாசம் பல்லைக் கடிச்சுக்கணும்" என்பது அடுத்த சமாதானம். சட்டத்தில் சீசன் என்று சொல்லித் தப்பிக்க இடம் இல்லை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-லேயே வந்துவிட்டது. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. மிகைநேரம் சேர்த்தாலும் நாளுக்கு 10, வாரத்துக்கு 54. நாலு மணி நேரத்துக்கு ஒரு மணி நேர ஓய்வு. வாரத்தில் ஒரு நாள் முழு விடுமுறை. 2021-ல் உட்கார இருக்கை தரவேண்டும் என்றும் திருத்தினார்கள். முக்காலி வந்த கடைகள் உண்டு. பல இடங்களில் அதன்மேல் கிப்ட் பாக்ஸ் அடுக்கியிருக்கிறார்கள்!

சின்னக் கடைக்காரர் பாவம், கூட ஒரு ஆளைப் போட்டால் கட்டுப்படியாகுமா என்று கேட்பார்கள். கணக்குப் போடுவோம். ஒரு பெண்ணைப் பதினாலு மணி நேரம் நிறுத்துகிறீர்கள். சட்டம் பத்துக்கு மேல் அனுமதிக்கவே இல்லை, அதையும் விடுங்கள். எட்டுக்கு மேற்பட்ட ஆறு மணி நேரத்துக்கு இரட்டைக் கூலி, அதாவது பன்னிரண்டு மணி நேரக் கூலி. எல்லாம் சேர்த்து இருபது மணி நேரத்துக்கான காசு. இரண்டு பேரை எட்டெட்டு மணி நேரம் வைத்தால் பதினாறு மணி நேரக் காசுதான். ஆளை நிறுத்திவைப்பதைவிட ஆளைச் சேர்ப்பது மலிவு.

இந்தக் கணக்கு தெரியாதவர்களா? விலையை ஏற்றி அச்சடித்து அதில் எண்பது சதவீதம் தள்ளுகிற வித்தையே தெரியும். கூடுதல் நேரத்துக்குக் காசே கொடுப்பதில்லை, அதனால்தான் கணக்கு வேறு மாதிரி வருகிறது. ராத்திரி எட்டிலிருந்து பதினொன்று வரை அவள் நிற்பது ஓசி. ஓசியில் ஒருத்தி நிற்கும்வரை இரண்டாவது ஆளை எதற்குத் தேடப்போகிறார்கள்? ஆவணி பிறக்கும்போதே இன்னார் இன்ன நாள் லீவு, இன்ன நேரம் வீட்டுக்கு என்று ஒரு தாளில் எழுதிக் கல்லாவுக்கு மேலே ஒட்டி, எட்டு மணி நேரத்துக்கு மேல் இரட்டைக் கூலி என்று அதன் கீழே கையெழுத்தும் போட்டுப் பாருங்கள் அண்ணாச்சி. ஆள் வராவிட்டால் அப்புறம் பேசுவோம்.