மருந்து கம்மியா அடிச்ச கத்திரிக்காய்க்கு எவ்வளவு கொடுப்பீங்க?

போன வீடியோவுல மளிகை பட்ஜெட் பேசினோம். அதுல ஒரு விஷயம் விட்டுப்போச்சு.

ஆர்கானிக் கடையில கத்திரிக்காய்க்கு ரெண்டு மடங்கு விலை கொடுப்போம். அதே நாம உழவர் சந்தையில, "மருந்தை ரெண்டு தடவையோட நிறுத்திட்டேன் சார், கொஞ்சம் சொத்தை இருக்கும்"னு உண்மையைச் சொல்ற விவசாயிகிட்ட அஞ்சு ரூபா குறைக்கச் சொல்வோம். நானும் கேட்டவன்தான்.

கணக்குப்படி இது தலைகீழ். இனக்கவர்ச்சிப் பொறி வெச்சு, தேவைப்பட்டா மட்டும் மருந்து அடிக்கிறவருக்குச் சொத்தைக்காய் மொத்தமும் நஷ்டம். அதுக்கு நாம ஒரு பைசா கொடுக்கிறதில்லை. ஆனா போர்டை நம்பிக் கொடுக்கிற கூடுதல் காசுக்கு வவுச்சர் எங்கே? பாக்கெட்டுல 'ஜைவிக் பாரத்' முத்திரை இருக்கான்னு பாருங்க. 2017-லேயே வந்தாச்சு.

நேரடியா விக்கிற சிறு விவசாயிக்கு அந்தச் சான்றிதழ் கட்டாயமில்லை. அவர்கிட்ட கேளுங்க: கடைசியா எப்போ மருந்து அடிச்சீங்க, எத்தனை நாள் கழிச்சுப் பறிச்சீங்க? பதில் தெளிவா வந்தா பேரம் பேசாதீங்க. கிலோவுக்கு அஞ்சு ரூபா கூடவே கொடுத்தாலும் மாசம் நூறு ரூபாயைத் தாண்டாது.

நான் இப்போ அப்படித்தான் வாங்குறேன். சொத்தைக்காய் வெட்டுற வேலை மட்டும் வீட்டுல என் தலையில விழுந்திருக்கு.