250 நாற்காலி போதும்

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டரை. ஜும்ஆ தொழுகைக்காகக் குவைத்தின் ஃபர்வானியா தெருக்களில் கடைகள் ஷட்டரை இறக்கியிருக்கின்றன. டோக்கியோவில் அப்போது மாலை ஆறரை. பெட் ஸ்பேஸ் கட்டிலில் சாய்ந்து, இயர்போனை மாட்டிக்கொண்டு, ஜப்பானிய ஐடல் குழு ஒன்றின் மேடை நிகழ்ச்சியைப் போனில் பார்க்கும் தமிழ் இளைஞரை அறையிலிருப்பவர்கள் கிண்டல் செய்யாத வாரமில்லை. ஒரு வார்த்தை புரியாத பாட்டு, ஒரே சீருடையில் பதினாறு பெண்கள். இதில் என்ன இருக்கிறது? அவர் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "சினிமாப் பாட்டு பாடாத தமிழ்ப் பாட்டுக் குழு ஒண்ணு சொல்லுங்கண்ணே." கொஞ்சம் யோசித்துவிட்டு ஒருவர் சொல்வார்: "லக்‌ஷ்மன் ஸ்ருதி." அதுவும் சினிமாப் பாட்டு பாடுகிற மெல்லிசைக் குழுதான்.

கேள்வி நியாயமானது. ஐடல் தொழில் என்றாலே அதன் கூத்துகள்தான் நம் பக்கம் செய்தியாகின்றன. ஆனால் இன்றைய ஐடல் குழுக்கள் பலவற்றுக்கும் அச்சாக அமைந்த ஏகேபி48 தொடங்கிய விதம் மிகச் சாதாரணமானது. 2005 டிசம்பர் 8 அன்று, டோக்கியோவின் அகிஹாபாரா பகுதியில், தள்ளுபடிக் கடை ஒன்று இருந்த கட்டடத்தின் 8-ஆவது மாடியில், பாடலாசிரியர் அகிமோதோ யசுஷி 250 பேர் உட்காரும் அரங்கத்தைத் திறந்தார். முதல் நாள் காசு கொடுத்து உள்ளே வந்த பொதுமக்கள் 7 பேர். கடையை மூடிக்கொண்டு போகவில்லை. மறுநாளும் ஆடினார்கள், பாடினார்கள். டிவியில் எட்டாத தூரத்தில் மின்னும் நட்சத்திரம் வேண்டாம், நினைத்த நாளில் போய்ப் பார்க்கக்கூடிய ஆள் வேண்டும் என்பது அகிமோதோவின் கணக்கு. 2010-இல் ஜப்பானில் அதிகம் விற்ற சிங்கிள் அவர்களுடையதாக இருந்தது.

ஏறக்குறைய அதே காலத்தில் சென்னையிலும் ஒரு முயற்சி நடந்தது. எஸ்எஸ் மியூசிக் சானல் குரல் தேர்வு நடத்தி, ஐந்து பேரைப் பொறுக்கியெடுத்து, 'எஸ்5' என்று குழு அமைத்தது. 'இசை' என்றே ஓர் ஆல்பமும் வந்தது. அந்த ஐவரில் ஒருவர் அபுதாபியில் வளர்ந்து சென்னைக்குப் படிக்க வந்த பென்னி தயாள். எஸ்5 என்ன ஆயிற்று என்று கேட்டால் அன்று கல்லூரியில் படித்தவர்களே தலையைச் சொறிவார்கள். பென்னி தயாளைத் தெரியாதவர் கிடையாது. 2007-இல் 'சிவாஜி', 2010-இல் 'ஓமணப் பெண்ணே'. வடக்கேயும் இதே கதைதான். 2002-இல் சானல் வி உருவாக்கிய 'விவா' பெண்கள் குழு கலைந்தது. அதிலிருந்த நேஹா பாசின் 'சத்தம் போடாதே' படத்தில் தமிழ்ப் பாட்டுப் பாடிப் பெயர் வாங்கினார். குழுக்கள் போய்ச் சேர்ந்தன, பாடகர்கள் சினிமாவுக்குள் புகுந்து பிழைத்தார்கள்.

இதைத் திறமைக் குறைவு என்று சொல்ல முடியாது. எஸ்5-க்கு சானல் இருந்தது, மேடை இல்லை. வாராவாரம் போய் நிற்க ஓர் இடமிருந்தால்தான் குழுவுக்கென்று ஒரு கூட்டம் சேரும். சேராத கூட்டத்தை எந்த சானலும் நெடுநாள் தாங்காது.

தமிழில் பாட்டு பாடகருடையதே இல்லை என்பது அடுத்த சிக்கல். 2022 பிப்ரவரியில் 'அரபிக் குத்து' வந்தது. ஏப்ரலில் 'பீஸ்ட்' படத்தைக் குவைத் அரசு தடை செய்தது. படம் வரவில்லையே தவிர, பாட்டு வந்துவிட்டது. கார்களிலும் கல்யாண வீடுகளிலும் அது ஓய்ந்தபாடில்லை. அதைப் பாடியவர்கள் அனிருத்தும் ஜோனிதா காந்தியும். எழுதியவர் சிவகார்த்திகேயன். ஆனால் யாரைக் கேட்டாலும் அது விஜய் பாட்டுதான். படமே பார்க்காத ஊரிலும் பாட்டு கதாநாயகன் கணக்கில்தான் வரவு வைக்கப்படுகிறது என்றால், பாடகருக்கு ரசிகர் கூட்டம் எங்கிருந்து வரும்?

சினிமாவைத் தாண்டிப் பாட்டு ஜெயிப்பதே இல்லையா என்றால், ஜெயிக்கிறது. 2021-இல் தீயும் அறிவும் பாடிய 'என்ஜாய் எஞ்சாமி' உலகம் சுற்றியது. மூன்றாண்டுகள் கழித்து, அந்தப் பாட்டால் தனக்கு ஒரு பைசாகூட வரவில்லை என்று அதன் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். பாடகர்களுக்கும் ராயல்டி உண்டு என்று 2012-இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது வேறு விஷயம்.

ரசிகரிடம் ஓட்டு வாங்கும் கலையை மட்டும் நாம் சீக்கிரமே கற்றுக்கொண்டோம். விஜய் டிவியின் 'சூப்பர் சிங்கர்' 2006-இல் தொடங்கியது. 2015-இல் ஜூனியர் போட்டியின் இறுதிச் சுற்றில் கனடாவிலிருந்து வந்த ஜெசிகா ஜூட்ஸ் இரண்டாமிடம் பெற்று, பரிசாகக் கிடைத்த ஒரு கிலோ தங்கத்தை ஈழத்திலும் தமிழ்நாட்டிலும் உள்ள ஆதரவற்ற பிள்ளைகளுக்குக் கொடுப்பதாக அறிவித்தபோது, புலம்பெயர் தமிழர்கள் அதைத் தங்கள் வீட்டு வெற்றியாகக் கொண்டாடினார்கள். அத்தனை பாசமும் அந்த ஒரு சீசனோடு சரி. அடுத்த சீசனில் அடுத்த பிள்ளை. ஜெயித்தவரும் தோற்றவரும் பிறகு சினிமா வாய்ப்புக்காகக் காத்திருக்கிறார்கள், இல்லையென்றால் வளைகுடா நாடுகளின் 'ஸ்டார் நைட்' மேடைகளில் மற்றவர்கள் பாடிய பாட்டைப் பாடுகிறார்கள்.

இவ்வளவு சொன்னதால் ஜப்பானை அப்படியே கொண்டுவந்து இறக்கிவிடலாம் என்று அர்த்தமில்லை. ஃபர்வானியா ரசிகரே கூச்சத்தோடு ஒப்புக்கொள்ளும் பக்கம் ஒன்று அங்கே உண்டு. ஏகேபி48 சிடி உறையைப் பிரித்தால் வட்டோடு ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். சிலவற்றில் அது கைகுலுக்கும் டிக்கெட். ஒருவர் முன்னால் சில நொடி நிற்கலாம், பின்னால் நிற்கும் ஊழியர் தோளைத் தட்டி நகர்த்திவிடுவார். வேறு சிலவற்றில் அது ஓட்டுச் சீட்டாக இருந்தது. 2009 முதல் 2018 வரை ஆண்டுக்கொரு முறை 'பொதுத் தேர்தல்' நடத்தி, யார் முன்வரிசையில் நிற்பது என்பதை ரசிகர்களே முடிவு செய்தார்கள். ஓர் ஆளுக்கு ஓர் ஓட்டு என்ற கணக்கெல்லாம் இருக்கவில்லை; எத்தனை சிடி வாங்கினார்களோ அத்தனை ஓட்டு. 2011-இல் முதலிடம் வந்த மாஎதா அட்சுகோவுக்குக் கிடைத்தவை 1,39,892. சீட்டை உருவிக்கொண்ட பிறகு சிடியை என்ன செய்வது? 2017-இல் ஃபுகுவோக்கா பக்கத்தில் ஒரு மலைச்சரிவில் 500-க்கு மேற்பட்ட சிடிக்களைக் கொட்டிய ஆளைப் போலீஸ் பிடித்தது.

காசு மட்டும் வீணானால் தொலைகிறது என்று விடலாம். இத்தனை ஓட்டு போட்டவன் தன்னை முதலாளியாக நினைத்துக்கொள்கிறான் என்பதுதான் கொடுமை. ஐடல் பெண் காதலிக்கக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். 2013-இல் ஓர் இளைஞரின் வீட்டிலிருந்து வெளியே வந்த படம் வார இதழில் வெளியானதற்காக, ஏகேபி48-இன் மினேகிஷி மினாமி தலையை மழித்துக்கொண்டு வீடியோவில் அழுது மன்னிப்புக் கேட்டார். 2014-இல் இவாதே மாகாணத்தில் கைகுலுக்கும் நிகழ்ச்சிக்கு ரம்பத்தோடு வந்தவன் இரண்டு பெண்களையும் ஓர் ஊழியரையும் வெட்டினான். 2018 டிசம்பரில் ஏகேபி48-இன் சகோதரக் குழுவான நீகாதா நகரக் குழுவின் யமகுச்சி மஹோ தன் வீட்டு வாசலிலேயே தாக்கப்பட்டார். அடுத்த மாதம் மேடையேறி மன்னிப்புக் கேட்டதும் தாக்கப்பட்ட அவரேதான். ஆண் குழுக்களைக் கையில் வைத்திருந்த ஜானிஸ் நிறுவனமோ, அதை நிறுவிய கிதாகவா பல பத்தாண்டுகள் சிறுவர்களைப் பாலியல் கொடுமை செய்ததை, அவர் இறந்து நான்காண்டுகள் கழித்து 2023-இல்தான் ஒப்புக்கொண்டது. அதுவும் பிபிசி ஆவணப்படம் உலுக்கிய பிறகு.

ஆக, ஜப்பானிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த 8-ஆவது மாடி அரங்கம் மட்டும்தான். உறைக்குள் இருக்கும் சீட்டு அங்கேயே இருக்கட்டும்.

இங்கே இது நடக்காத காரியமில்லை. 2018 ஜனவரியில் சினிமா இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து கட்டிய 'கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' கீழ்ப்பாக்கத்தில் மேடையேறியபோது மைதானம் நிரம்பியது. கானா, ராப், ராக், எல்லாம் கலந்து, பாடகர்களும் வாத்தியக்காரர்களுமாக 19 பேர். பாடியது அத்தனையும் சொந்தப் பாட்டு. அதில் கானா பாடிய இசைவாணி 2020-இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பிடித்தார். பின்னால் நின்று தூக்கிவிட்டவர் சினிமா இயக்குநர்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த மைதானத்துக்கு வந்தவர்கள் எந்தக் கதாநாயகனுக்காகவும் வரவில்லை.

சென்னையில் மார்கழி முடிந்ததும் சபா அரங்கங்கள் பல நாள் மாலைகளில் இருட்டாகக் கிடக்கின்றன. அவற்றில் சில அகிஹாபாரா அரங்கத்தைவிடப் பெரியவை. வாரத்தில் ஒரு மாலையை ஒரே குழுவுக்கு ஓராண்டு விட்டுக்கொடுக்க ஒரு சபா முன்வந்தால், கட்டடம் கட்டும் செலவு மிச்சம். குவைத்தில் இருக்கும் தமிழ் அமைப்புகளும் தங்கள் பங்குக்கு ஒன்று செய்யலாம். அப்பாசியாவிலும் சால்மியாவிலும் பள்ளி அரங்கு பிடித்து, விமான டிக்கெட் போட்டுப் பாடகர்களை வரவழைக்கும்போது, மூன்று மணி நேர நிகழ்ச்சியில் அரை மணி நேரத்தை அவர்களுடைய சொந்தப் பாட்டுக்கு ஒதுக்கலாம். அந்த அரை மணியில் பாதிக் கூட்டம் டீ குடிக்க எழுந்து போகும். போகட்டும், மீதிப் பாதி உட்கார்ந்து கேட்கும்.