பத்திரிகையில் இருந்த தாமரை



போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில் ஒருவன் மகள் கல்யாணப் பத்திரிகையைப் போட்டிருந்தான். மேலே தாமரை, அதன் நடுவே சிலுவை. "என்னடா, கட்சி மாறிட்டியா?" என்று இன்னொருவன் கேட்க, ஆளாளுக்குச் சிரிப்புப் பொம்மை போட்டீர்கள். அவனும் சிரித்தான். ராத்திரி எனக்குப் போன் போட்டு, "டீச்சர், வேற பத்திரிகை அடிச்சிரலாமான்னு வீட்டுல கேக்காங்க" என்றான்.

அடிக்காதே என்றேன்.

அது சி.எஸ்.ஐ. சபையின் சின்னம். பல சபைகள் ஒன்றுசேர்ந்து 1947 செப்டம்பர் 27-இல் சென்னையில் உருவான திருச்சபை. நீங்கள் நினைத்த கட்சி பிறந்தது 1980-இல். மதுரைப் பொற்றாமரைக் குளத்தைப் பார்த்தும் எந்தக் கட்சி என்று கேட்பீர்களா?

பரங்கிமலை உச்சிக் கோயிலில் பலிபீடத்துக்குப் பின்னால் ஒரு கற்சிலுவை இருக்கிறது. 1547-இல் போர்த்துகீசியர் அங்கே தோண்டியபோது கிடைத்தது. ஆனால் அவர்கள் கொண்டுவந்ததில்லை. அவர்கள் வருவதற்குப் பல நூற்றாண்டு முந்தியது. சுற்றிலும் பஹ்லவி என்ற பழைய பாரசீக எழுத்து. இயேசுவின் உருவம் கிடையாது. முனைகள் மொட்டு மாதிரி இருக்கும், மேலே ஒரு புறா இறங்கும், அடியில் இருபக்கமும் துளிர்த்து விரியும். அதைத் தாமரை என்பாரும் உண்டு, இலை என்பாரும் உண்டு. இலங்கை அநுராதபுரத்தில் 1912-இல் கிடைத்த சிலுவையிலும் இப்படித்தான் அடியில் இலை. கொலைமரம் துளிர்க்கிறது என்று செதுக்கியிருக்கிறார்கள். நான் கும்பிடுவது மாரியம்மனை. ஆனாலும் அந்தக் கல்லின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன்.

பெயரையும் பாருங்கள். 'சிலுவை' சிரியாக் மொழியிலிருந்து வந்தது. 'குருசு' போர்த்துகீசியச் சொல். தெற்கே குருசடி என்கிறோமே, அது. குரூஸ் என்று பெயருள்ளவர்கள் தூத்துக்குடிப் பக்கம் எத்தனை பேர்!

இன்னொன்று. தலைகீழ்ச் சிலுவை சாத்தான் சின்னம் என்று ஒரு வீடியோ சுற்றுகிறது. தலைகீழாக அறையப்பட்டவர் பேதுரு என்பது சபையின் பழைய மரபு. அதனால் அது பேதுரு சிலுவை. அந்திரேயா சிலுவை பெருக்கல் குறி மாதிரி இருக்கும். தெரியாததைக் கேட்கலாம், தப்பில்லை. கல்யாண வீட்டில் கேலியாகக் கேட்டதுதான் எனக்கு வருத்தம்.

பத்திரிகையை மாற்றவில்லை. கொடுக்க ஆரம்பித்துவிட்டான். நம் செட்டியார்பட்டியில், கேலி செய்தவன் வீட்டுக்குத்தான் முதலில் போகச் சொல்லியிருக்கிறேன்.