கோவலனுக்காக வாதிட எவருமில்லை!

மதுரை மன்றத்திலே கண்ணகி வென்றாள். சிலம்பு உடைந்தது; மாணிக்கம் தெறித்தது; மன்னன் மாண்டான். கேட்கும்போதெல்லாம் நம் நெஞ்சு நிமிர்கிறது. ஆனால் தோழர்களே, அந்த வெற்றிக்கு முன்பே கோவலன் வெட்டுண்டு கிடந்தானே, அதை எண்ணிப் பார்த்தோமா? பொற்கொல்லன் பழி சுமத்தினான், வேந்தன் ஆணையிட்டான், வாள் வீழ்ந்தது. "இவன் தரப்பு யாது?" என்று வினவ ஒருவரில்லை. இவனுக்காகப் பேச ஒரு நாவில்லை. கண்ணகியின் வாதம் உண்மையை நிலைநாட்டியது, உயிரை மீட்கவில்லை.

காவியம் கிடக்கட்டும். குடியரசு நாட்டிலே நடந்ததைக் காண்போம். 1979-இல் ஹுசைனாரா காத்தூன் வழக்கு உச்சநீதிமன்றம் வந்தபோது வெளிப்பட்டது என்ன? பீகார்ச் சிறைகளிலே, குற்றம் மெய்ப்பிக்கப்பட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய தண்டனைக் காலத்தையும் தாண்டி, விசாரணை முடியாமலே அடைபட்டுக் கிடந்தோர் பலர்! ஜாமீனுக்குப் பணமில்லை, வழக்கறிஞர் வைக்க வழியில்லை. அவர்கள்மீது ஐயத்துக்கிடமின்றி மெய்ப்பிக்கப்பட்ட குற்றம் ஒன்றே ஒன்று: வறுமை!

அடுத்து பாகல்பூர். காவல் துறையினரால் கண்கள் குருடாக்கப்பட்ட கைதிகளுக்கு வழக்கறிஞர் ஏன் தரப்படவில்லை? "அவர்கள் கேட்கவில்லை" என்பது விடை! கேட்கலாம் என்று எவரேனும் சொன்னார்களா? 1980-இல் உச்சநீதிமன்றம் அந்தச் சாக்கைத் தூக்கியெறிந்தது. கைதானவர் முதன்முதலாக நடுவர் முன் நிறுத்தப்படும் நாளிலிருந்தே உதவி உண்டு. அதை எடுத்துச் சொல்வது நடுவரின் கடமை என்றது. 1986-இல் சுக் தாஸ் வழக்கில், அவ்வாறு சொல்லாமல் நடத்திய விசாரணையின் தண்டனையே செல்லாது என்று தீர்த்தது.

சட்டம் இல்லாமலா இருக்கிறது? 1976-இல் அரசியல் சட்டத்திலே 39-ஏ பிரிவு சேர்ந்தது. 1987-இல் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது. 1995 நவம்பர் 9-இல்தான் அது நடைமுறைக்கு வந்தது. ஏட்டிலே எட்டாண்டு உறக்கம்! பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர், காவலில் இருப்போர் ஆகியோர் வருமானம் எவ்வளவு என்று பாராமலே உதவிக்கு உரியவர். ஏனையோர்க்கு மட்டுமே வருமான வரம்பு.

நம் வகுப்புச் சிறுவன் ஒருவன் மூன்று நாள் வரவில்லை. காரணம் கேட்டோம். கணவன் கைவிட்ட அவன் தாய், ஜீவனாம்ச வழக்குக்காக ஊருக்கும் நீதிமன்றத்துக்கும் அலைந்துகொண்டிருந்தாள். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள அவன் வீட்டில் இருந்தான். வழக்கறிஞர் கட்டணத்துக்காக அவள் காதுத் தோடு அடகுக்கடை போய்விட்டது. அதே நீதிமன்ற வளாகத்திலே சட்டப் பணிகள் குழுவின் அலுவலகம் இருக்கிறது! பெண் என்ற ஒரு தகுதியே அவளுக்குப் போதும். அந்தக் கதவைக் காட்ட ஒரு விரல் நீளவில்லை. "எல்லாம் தலையெழுத்து" என்றாள் அந்தத் தாய். தலையெழுத்தா? இல்லை, சட்டத்தின் எழுத்து அவளிடம் சேரவில்லை. அவ்வளவே! படித்த நாம் அதைச் சொல்லாமல் இருந்தோம். வெட்கம் நமக்கும் உண்டு.

"இலவச வக்கீல் எதற்கு உதவுவார்?" என்று ஏளனம் பேசுவோர் உளர். குறை இல்லை என்று நாம் கூறவில்லை. ஊதியம் குறைவு, வழக்குகள் மிகுதி, கடமை தவறுவோரும் உண்டு. ஆனால் ஆசிரியர் ஒருவர் கடமை தவறினால் அரசுப் பள்ளியை மூடு என்றா முழங்குவோம்? நல்லாசிரியரைத் தா என்றல்லவா கேட்போம்! அதுபோலவே, உதவிக்கு வந்த வழக்கறிஞர் பணம் கேட்டால் ஆணையத்திடம் முறையிடுக. அக்கறை காட்டாவிடில் வேறொருவரைக் கேட்டு வாங்குக.

"இரக்கத்தால் தரும் தானம்" என்பாரும் உளர். தானமா? தீப்பெட்டி வாங்கும்போதும் வரி செலுத்துபவன் ஏழை. அவன் பணமும் சேர்ந்தே நீதிமன்றம் எழும்புகிறது. அதன் படியேற அவன் கையேந்த வேண்டுமா? அரசு தன் வழக்கை நடத்தச் சம்பளம் தந்து வழக்கறிஞரை அமர்த்துகிறது. எதிரே நிற்கும் ஏழைக்கும் ஒருவரை அமர்த்தினால்தான் தராசின் இரு தட்டும் சமம். இது பிச்சையல்ல, உரிமை!

இளைஞர்களே! கூட்டங்களிலே கைதட்டியது போதும். படிப்பகச் சுவரிலே, தேநீர்க் கடையிலே, பள்ளி வாயிலிலே எழுதி வையுங்கள்: சட்ட உதவிக்குத் தொலைபேசி எண் 15100. எழுதப் படிக்கத் தெரியாதவர்க்கு மனு எழுதிக் கொடுங்கள். அலுவலகத்தின் வாயில்வரை உடன் செல்லுங்கள். காவல் நிலையத்துக்கு ஒருவர் கொண்டு செல்லப்பட்டார் என்று கேட்டவுடன், "வழக்கறிஞர் எங்கே?" என்ற கேள்வியை எழுப்புங்கள்.

கோவலன்கள் வீழ்ந்த பின் கண்ணகிகள் கதறியது போதும். வாள் வீழுமுன் வழக்கறிஞர் வரட்டும்!