வயலுக்குள் கரியமில வாயு! மண் எவ்வளவு தாங்கும்?

காற்றில் கரியமில வாயு பெருகிவிட்டது. அதனால் பூமி சூடேறுகிறது. அந்த வாயுவை வயலுக்குள் பூட்டி வைக்க முடியுமா?

ஓரளவு முடியும். பயிர் கரியமில வாயுவை உறிஞ்சி வளருகிறது. அதன் வேரும் தாளும் மண்ணில் மக்குகின்றன. அந்த மக்கில் கரிச்சத்து தங்குகிறது. தாளை எரித்தால் அது காற்றுக்கே திரும்பிவிடும்.

மண்ணின் கரிச்சத்தை ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு 4 பங்கு கூட்டுவோம் என்று 2015-ல் பாரிஸ் மாநாட்டின்போது பிரான்சு நாடு ஒரு திட்டம் தொடங்கியது.

நீண்ட சோதனை

இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் ஆராய்ச்சிப் பண்ணை இருக்கிறது. அங்கே ஒரு கோதுமை வயலில் 1843 முதல் சோதனை நடக்கிறது. ஒரு பகுதிக்குத் தொழு உரம் போடுகிறார்கள். இன்னொரு பகுதிக்கு எதுவும் போடுவதில்லை. உரம் போட்ட மண்ணில் இரண்டு மடங்குக்கு மேல் கரிச்சத்து இருக்கிறது!

ஆனால், முதலில் வேகமாகச் சேர்ந்தது, பிறகு மெதுவாகிவிட்டது. மண்ணும் பானை போலத்தான். நிறைந்தபின் கொள்ளாது. பக்கத்து பார்லி வயலில் 1871-ல் உரத்தை நிறுத்தினார்கள். சேர்ந்த கரிச்சத்து குறையத் தொடங்கியது.

ஆகவே, நிலக்கரிப் புகையும் பெட்ரோல் புகையும் குறைய வேண்டும். வயல் மட்டும் பூமியைக் காப்பாற்றாது. எனினும் மக்கு வீண் போகாது. அது ஈரத்தைப் பிடித்து வைக்கும், பயிரை வளர்க்கும். உழவனுக்கு அது லாபமே!