மிலு மானும் கடற்பசுவும்

புதிய அளமே புத்தளமாயிற்று என்பர். சீன தேசத்தின் கீழைக் கடலோரத்திலும் 'யாஞ்செங்' என்றொரு நகரம் உண்டு. அதன் பொருளும் உப்பு நகரம் என்பதே. அந்நகரைச் சார்ந்த தாபெங் சதுப்பு நிலத்தில் 1986 ஆம் ஆண்டில் 39 மான்கள் வந்து இறங்கின. எங்கிருந்து? இங்கிலாந்திலிருந்து!

அக்கதை விந்தையானது. மிலு என்னும் அம்மானைச் சீனர் 'நான்கும் அல்லாதது' என்பர். கொம்பு மானுடையது, கழுத்து ஒட்டகத்தினது, குளம்பு பசுவினது, வால் கழுதையினது. எனினும் முழுதாக இவற்றுள் எதுவுமன்று. விரிந்த குளம்பு சேற்றில் நடப்பதற்கென்றே அமைந்தது. சதுப்பு நிலங்கள் வயல்களாகவே, வெளியில் திரிந்த இனம் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே ஒழிந்தது. எஞ்சியவை பீக்கிங் நகருக்குத் தெற்கே சக்கரவர்த்தியின் வேட்டைத் தோட்டத்து மதிலுக்குள் வாழ்ந்தன. 1865 இல் அர்மாண்ட் டேவிட் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் அவற்றைக் கண்டு மேனாட்டாருக்கு அறிவித்தார். அதன்பின் சில மான்கள் ஐரோப்பிய மிருகக்காட்சிச்சாலைகளுக்குச் சென்றன. சென்றதும் நல்லதாயிற்று! பின்னர் வெள்ளம் மதிலை உடைத்தது. வெளியேறியவற்றைப் பசித்த மக்கள் உண்டனர். 1900 ஆம் ஆண்டுக் கலகத்தில் போர்வீரர் மீதியையும் தீர்த்தனர்.

பெட்போர்ட் பிரபு ஐரோப்பாவெங்கும் தேடித் தம் வோபர்ன் தோட்டத்தில் சேர்த்தவை 18. இன்று உலகிலுள்ள மிலு மான்கள் யாவும் அவற்றின் வழிவந்தவையே. 1985 இல் ஒரு கூட்டம் அப்பழைய வேட்டைத் தோட்டத்துக்கே மீண்டது. 1998 இல் தாபெங்கில் சில மான்களை வேலிக்கு வெளியே விட்டனர். இப்பொழுது சீனாவில் அவை ஆயிரக்கணக்கில் உள்ளன.

நம் கரைக்கு வருவோம். வில்பத்துப் புள்ளிமானுக்கு இத்தகைய கதி நேரவில்லை. நமது கவலையெல்லாம் கற்பிட்டிப் பக்கத்துக் கடற்புல்லை மேயும் கடற்பசுவைப் பற்றியது. அதனைக் கொல்வது சட்டப்படி குற்றம். ஆயினும் மூச்செடுக்க நீர்மட்டத்துக்கு வரவேண்டிய அப்பிராணி, வலையில் சிக்கினால் மூச்சடைத்து மாள்கிறது. மிலுவுக்குப் பிரபு ஒருவரின் தோட்டம் வாய்த்தது. கடற்பசுவையோ அடைத்து வைத்து இனம் பெருக்கியவர் எவருமிலர். கடலடிப் புல்வெளி ஒன்றே அதற்குத் தோட்டம்.

சிக்கியது உயிரோடிருந்தால் வலையை அறுத்தேனும் விட்டுவிடுங்கள் என்று மீனவ அன்பர்களை வேண்டுகிறோம். அறுந்த வலைக்கு ஈடு தருவார் யார் என்று அவர்கள் நம்மைத் திருப்பிக் கேட்கலாம். கேட்பது நியாயமே. அதற்கு விடை கூறவேண்டியது அரசாங்கம்.